காயிதே மில்லத்: சபையில் தோற்ற திருத்தங்களும் கையில் கிடைத்த 30ஆவது பிரிவும்

காயிதே மில்லத் என்றவுடன் இன்றைய பிள்ளைகளுக்கு நினைவில் வருவது சென்னையில் அவர் பெயரில் இயங்கும் அரசு மகளிர் கல்லூரிதான். சற்று வயதானவர்களுக்கு, ஒரு காலத்தில் அவர் பெயரைத் தாங்கியிருந்த நாகை மாவட்டமும் நினைவுக்கு வரலாம். அரசியல் நிர்ணய சபையில் அவர் சமுதாயத்துக்காக என்ன கேட்டார், என்ன கிடைத்தது என்று கேட்டால், மேடைகளில் அவர் புகழ் பாடுகிறவர்கள்கூடச் சற்றுத் தடுமாறுகிறார்கள்.

முஹம்மது இஸ்மாயில் சாஹிப் 1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார். தந்தை மௌலவி மியாகான் ராவுத்தர். ஒத்துழையாமை இயக்கத்தின்போது பட்டப் படிப்பைப் பாதியில் விட்ட இளைஞர்களில் அவரும் ஒருவர். பின்னர் தோல் வணிகம், அதன்பின் முழுநேர அரசியல். 1946இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் முஸ்லிம் லீக் எதிர்க்கட்சியாக அமர்ந்தபோது அதன் தலைவர் அவரே.

1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய அகில இந்திய முஸ்லிம் லீக் கவுன்சில், கட்சியை இரு நாடுகளுக்குமாகப் பிரித்தது. பாகிஸ்தானுக்கு அமைப்பாளர் லியாகத் அலீ கான். இந்தியாவுக்கு இஸ்மாயில் சாஹிப். நாடு பிரிந்த ரணம் ஆறாத நேரம். லீக் என்ற பெயரைச் சொல்லவே பலரும் அஞ்சினார்கள். கலைத்துவிடுவதே நல்லது என்று நம்மவர்களிலேயே பலர் கருதினார்கள். அந்தச் சூழலில் 1948 மார்ச் 10 அன்று சென்னையில் கூட்டம் கூட்டி, இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கை அவர் நிறுவினார். கட்சியைக் கலைத்துவிட்டு ஒதுங்கியிருந்தால் அவருக்குத் தனிப்பட்ட முறையில் எந்த நட்டமும் இருந்திருக்காது.

அதே ஆண்டு நவம்பர் 23 அன்று, பொது சிவில் சட்டம் பற்றிய விதி அரசியல் நிர்ணய சபையில் விவாதத்துக்கு வந்தது. அன்று வரைவில் 35ஆவது பிரிவு. இன்று நாம் 44 என்று அறிவது அதுதான். தனக்கென்று தனிநபர் சட்டம் உள்ள எந்தச் சமூகமும் அதைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்ற வாசகத்தைச் சேர்க்க வேண்டும் என்று இஸ்மாயில் சாஹிப் திருத்தம் கொண்டுவந்தார். கவனியுங்கள்: முஸ்லிம்களுக்கு மட்டும் என்று அவர் கேட்கவில்லை, எந்தச் சமூகத்துக்கும் என்றே கேட்டார். போக்கர் சாஹிப், மஹ்பூப் அலீ பேக் போன்றோரும் அதே திசையில் பேசினார்கள். முன்ஷியும் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் எதிர்த்தார்கள், அம்பேத்கர் பதிலளித்தார். திருத்தம் தோற்றது.

அதன் விளைவை மதரஸா மாணவர்களுக்கு விளக்கும்போது நான் இப்படிச் சொல்வதுண்டு. நமது நிக்காஹ், தலாக், வாரிசுரிமை ஆகியவற்றுக்கு நீதிமன்றத்தில் ஆதாரமாக நிற்பது 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம். அது ஒரு சாதாரணச் சட்டம். நாடாளுமன்றப் பெரும்பான்மை நினைத்தால் மாற்றிவிடலாம். எந்தப் பெரும்பான்மையும் எளிதில் தொட முடியாத இடத்தில் அந்த உரிமையை வைக்கத்தான் அவர் முயன்றார்.

1949 மே மாதம் இன்னொரு தோல்வி. முஸ்லிம்கள் மட்டும் வாக்களித்துத் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் முறை 1909 முதல் இருந்துவந்தது. 1947 ஆகஸ்டில் அதை ஒழித்த சபை, பொது வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் இட ஒதுக்கீட்டை மட்டும் ஏற்றிருந்தது. படேல் தலைமையிலான ஆலோசனைக் குழு, மதச் சிறுபான்மையினருக்கு அந்த ஒதுக்கீடும் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஒதுக்கீடும் தனி வாக்காளர் முறையும் தொடர வேண்டும் என்று இஸ்மாயில் சாஹிப் வாதாடினார். பேகம் ஐஜாஸ் ரசூல் போன்ற முஸ்லிம் உறுப்பினர்களே ஒதுக்கீடு தேவையில்லை என்றார்கள். பிரிவினைக்குப் பிறகு தனி வாக்காளர் முறை நிறைவேற வழியே இல்லை என்பதுதான் என் கருத்தும். ஆனால் ஒதுக்கீடும் போய்விட்டால் சட்டமன்றங்களில் நம் எண்ணிக்கை என்னவாகும் என்ற அவரது கவலையை அடுத்து வந்த தேர்தல்கள் பொய்யாக்கவில்லை.

சபை மறுத்தவை இவை. கொடுத்தவையும் உண்டு: மதத்தைப் பின்பற்றும் சுதந்திரம் 25ஆவது பிரிவில், மொழியையும் பண்பாட்டையும் காக்கும் உரிமை 29இல், விரும்பிய கல்வி நிலையங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமை 30இல். மதச் சிறுபான்மையினர், மொழிச் சிறுபான்மையினர் இருவருக்குமே 30ஆவது பிரிவு பொருந்தும். உதவித் தொகை வழங்கும்போது அவர்கள் நிர்வாகம் என்ற காரணத்துக்காக அரசு பாகுபாடு காட்டவும் கூடாது. 1958இல் கேரளக் கல்வி மசோதா பற்றி உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தபோது, உதவித் தொகைக்கான நிபந்தனை என்ற பெயரில் இந்த உரிமையைப் பறித்துவிட முடியாது என்பது உறுதியானது.

இஸ்மாயில் சாஹிப் மறுக்கப்பட்டதை எண்ணி முடங்கவில்லை. கிடைத்ததைச் செயலாக்கும்படி சமுதாயத்தை ஊக்கினார். 1951இல் சென்னைப் புதுக் கல்லூரி, அதே ஆண்டில் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி, 1956இல் உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி, 1965இல் மேல்விஷாரம் அப்துல் ஹகீம் கல்லூரி என்று அவர் வாழ்ந்த காலத்திலேயே வணிகர்களின் பொருளும் வக்பு நிலங்களும் கல்லூரிகளாக எழுந்தன. பின்னாளில் 30ஆவது பிரிவு என்ற ஒன்று இருப்பதையே அறியாத ஏழைப் பிள்ளைகள் இவற்றில் படித்துப் பட்டம் பெற்றார்கள். முஸ்லிமல்லாத பிள்ளைகளும் ஏராளம்.

சட்டமன்றம், மாநிலங்களவை என்று இருந்தவரை 1962இல் மலபாரின் மஞ்சேரி தொகுதி மக்களவைக்கு அனுப்பியது. நெல்லைக்காரரை அந்த மலையாள மக்கள் 1967இலும் 1971இலும் மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். தனி வாக்காளர் முறை போய்விட்ட பிறகு, எல்லாச் சமூகத்தவரும் வாக்களிக்கும் தொகுதியில் வந்த வெற்றிகள் இவை. இடையில், 1969இல், லீக் பங்கு பெற்ற கேரள அரசு மலப்புரம் மாவட்டத்தை உருவாக்கியது.

1972 ஏப்ரலில் அவர் வபாத்தானபோதும் மஞ்சேரியின் உறுப்பினராகவே இருந்தார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.