போப்பையரின் கண்ணீர்

இன்று கனடாவைச் சேர்ந்துள்ள எட்வர்டு தீவில் 1820-இல் பிறந்த ஜி.யு. போப், 1839-இல் தமிழகம் போந்தார். சாயர்புரம், தஞ்சை, உதகை ஆகிய ஊர்களிலும், பின்னர் நாம் வாழும் பெங்களூரிலும் கல்விப்பணி புரிந்தார். பிரம்படிக்குப் பெயர் பெற்றவர் என்பர்!

1886-இல் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். திருவாசகமோ அவரை மலைக்கச் செய்தது. முதுமையில் இஃது இயலுமோ எனத் தயங்கியவரை, அதனை முடிக்கும்வரை நீர் வாழ்வீர் எனத் தேற்றினார், ஆக்ஸ்போர்டு அறிஞர் ஜோவெட். தேற்றியவர் 1893-இல் மறைந்தார். தேற்றப்பெற்றவர் 1900-இல், தமது எண்பதாம் பிறந்தநாளன்று, அந்நூலின் முன்னுரையை முடித்தார்.

திருவாசகத்தை எழுதுகையில் அவர் கண்ணீர் தாளை நனைத்ததாகச் செவிவழிக் கதையொன்று உண்டு. கதை கிடக்கட்டும். கிறித்தவக் குருவாகவே இறுதிவரை நின்ற ஒருவர், மணிவாசகரின் உருக்கத்திற்குத் தம் நெஞ்சைத் திறந்திராவிடில், இலக்கண அறிவு மட்டும் அந்நூலைத் தந்திராது என்பதே எமது துணிபு.

1908-இல் மறைந்த அவர் ஆக்ஸ்போர்டிலேயே அடக்கமாயினார்.