தோற்றம் ஏய்க்கும்

உபேந்திரநாத் பிரம்மச்சாரி என்ற பெயரைக் கேட்டதும் காவியுடுத்த துறவி ஒருவர் நண்பர்களின் நினைவுக்கு வரலாம். ஆனால் அவர் மனைவி மக்களோடு வாழ்ந்த இல்லறத்தார்; பிரம்மச்சாரி என்பது குடும்பப் பெயர். பெயரைப் போலவே நோயின் தோற்றமும் ஏய்க்கும் என்பதை உலகுக்குக் காட்டியவர் அவர். கல்கத்தாவில் ரசாயனம் பயிலும் எனக்கு இவ்வூரார் பலரினும் அவர் மீதே பற்று அதிகம்.

1873-இல் பிறந்த அவர், 1894-இல் ரசாயனத்தில் எம்.ஏ. பட்டமும், 1902-இல் வைத்தியத்தில் எம்.டி. பட்டமும் பெற்றார். அந்நாளில் வங்கத்தையும் அஸ்ஸாமையும் காலா அசார் என்னும் கொடிய காய்ச்சல் சூறையாடியது. மணல் ஈ கடிப்பதால் உடலில் புகும் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியே அதற்குக் காரணம். மண்ணீரல் வீங்கும், உடல் மெலியும், மருந்தில்லையேல் பெரும்பாலும் மரணந்தான்.

காம்ப்பெல் மருத்துவப் பள்ளியில் ஒரு சிற்றறை. அங்கே மின்விளக்கில்லை, எரிவாயு இல்லை, தண்ணீர்க் குழாயும் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கொளியில் உழைத்து, ஆண்டிமனியிலிருந்து யூரியா ஸ்டிபமைன் என்னும் மருந்தை அவர் உண்டாக்கினார். எண்ணற்றோர் பிழைத்தனர்.

அத்தோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. காய்ச்சல் தீர்ந்து நலமாக இருந்த சிலரின் தோலில் புள்ளிகளும் கட்டிகளும் எழுவதைக் கவனித்தார். பார்வைக்கு அவை தொழுநோய் போலவே இருக்கும். அவர் கண்ணை மட்டும் நம்பாமல், கட்டியிலிருந்து சிறிதெடுத்து உருப்பெருக்கியில் ஆராய்ந்தார். அங்கே பதுங்கியிருந்தது அதே லீஷ்மேனியா! 1922-இல் இதை வெளியிட்டார். இக்கட்டி உள்ளவரைக் கடித்த மணல் ஈ, காய்ச்சலைப் பிறருக்கும் பரப்பவல்லது. ஆகவே, தொழுநோய் என்று தவறாக எண்ணிவிட்டால் அவருக்கும் கேடு, ஊருக்கும் கேடு.

இவ்வொட்டுண்ணியின் இனத்தைச் சேர்ந்தவை தோலில் மட்டும் ஆறாப்புண் உண்டாக்குவதும் உண்டு. ராஜஸ்தானத்தில் இன்றும் அதனைக் காணலாம். முதியவரின் மூக்கிலோ காதிலோ அது தோன்றினால், தோல் புற்றுநோய் என்றே மருத்துவரும் ஐயுறக்கூடும். உண்மை தெரியாமல் கத்தி வைத்தால், மருந்தால் ஆறக்கூடிய புண்ணுக்காக முகத்தையே இழக்க நேரும். மாறாக, உண்மையான புற்றை வெறும் புண் என்று விட்டால் உயிரே போகும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது அன்று பிரம்மச்சாரி செய்த அதே காரியந்தான்: சிறு துண்டெடுத்துச் சோதித்தல்.

1929-இல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை. 1946-இல் மறைந்தார். அவருடைய மருந்தின் இடத்தை இன்று வேறு மருந்துகள் பெற்றுவிட்டன. அவருடைய வழி மாறவில்லை.

நண்பர்களே, ஊர்விட்டு ஊர் வந்து பயில்பவர் நாம். வாரக்கணக்கில் ஆறாத புண் எதுவானாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். எந்தெந்த ஊரில் தங்கினீர்கள் என்பதையும் மறவாமல் சொல்லுங்கள்.