உடற்கனலை ஆராய்ந்த சுப்பாராவ்

கோடையாயினும் மார்கழியாயினும் நம் உடலின் வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை செல்சியசிலேயே நிற்கிறது. அந்த வெப்பம் எங்கிருந்து பிறக்கிறது என்பதை விளக்க உதவிய ஓர் அறிஞரின் வாழ்வை மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறேன். அவரே எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் 1895-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாம் முறைதான் வெற்றி பெற்றார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது காந்தியடிகளின் வழிநின்று கதர் அணிந்தார். அது பேராசிரியர் ஒருவருக்குப் பிடிக்கவில்லை, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதில் அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. உடன்பிறந்தார் இருவரை ஸ்புரூ என்னும் குடல்நோய் கொண்டுபோயிற்று. அந்நோய் அவரையும் பற்றியது. ஆயுர்வேத மருத்துவர் இலட்சுமிபதியின் சிகிச்சையால் பிழைத்தார்.

பின்னர் அமெரிக்கா சென்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பிஸ்கே என்பவருடன் இணைந்து 1925-இல் இரத்தத்தில் பாஸ்பரசை அளக்கும் முறையை வகுத்தார். 1927-இல் தசையிலுள்ள பாஸ்போகிரியேட்டினை இருவரும் கண்டறிந்தனர். 1929-இல் ஏ.டி.பி. என்னும் ஆற்றற்பொருளையும் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியாக அதனைக் கண்டார்.

இவற்றின் பயன் யாது? உடலின் வேதிவினைகளை விரைவுபடுத்துபவை நொதிகள். வெப்பம் பத்துப் பாகை குறைந்தால் அவற்றின் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். மிகுந்தாலோ, வெந்த முட்டையின் வெண்கருபோல் அவற்றின் வடிவம் குலையும். குலைந்த நொதி வேலை செய்யாது. கடுங்காய்ச்சலுக்கு நாம் அஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம். நொதிகள் ஏ.டி.பி.யைச் சிதைக்கும்போது வேலையும் நடக்கிறது, வெப்பமும் பிறக்கிறது. குளிரில் தசை நடுங்குவது இவ்வெப்பத்திற்காகவே. நம் சங்கரன்கோவில் விசைத்தறிக் கூடங்களில் சித்திரை வெயிலில் உழைப்போரை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் உடலில் வழியும் வியர்வை, தசையில் பிறந்த மிகைவெப்பத்தை வெளியேற்றி நொதிகளைக் காக்கிறது.

1940-இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்த சுப்பாராவின் குழு, அமினாப்டெரின் என்னும் மருந்தை ஆக்கித் தந்தது. உடலின் ஒரு நொதியை முடக்கிப் புற்றணுக்களின் பெருக்கத்தைத் தடுப்பது அது. இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகள் சிலருக்குச் சிட்னி பார்பர் அதனை அளித்தார். நோய் தற்காலிகமாகவேனும் தணிந்தது.

1948-இல் தம் 53-ஆம் வயதில் சுப்பாராவ் மறைந்தார். நோபல் பரிசு அவரை நாடி வரவில்லை. முழுப் பட்டம் மறுக்கப்பட்ட அந்த மாணவர் ஆராய்ந்த பொருளோ இன்று உலகின் ஒவ்வொரு மருத்துவ மாணவருக்கும் பாடமாக நிற்கிறது.