அகத்தியருக்குப் பக்கத்து நட்சத்திரமும் வைணு பாப்புவும்

மாசி மாசத் தொடக்கத்துல, நிலா இல்லாத ராத்திரி ஒன்பது மணிக்கு மணிமுத்தாறு அணைப் பக்கம் நின்னு தெற்கே பாருங்க. மாஞ்சோலை மலைகளுக்கு மேல பளிச்சுன்னு ஒரு வெள்ளை நட்சத்திரம் நிக்கும். அதுதான் அகத்தியர் நட்சத்திரம், கனோபஸ். பொதிகை அடிவாரத்துக்காரங்களுக்கு அந்தப் பேரை விளக்க வேண்டியதில்ல. இப்போ கையை நீட்டி, அதுக்கு வலப்பக்கம் மூணு விரல் தள்ளி, கொஞ்சம் மேல பாருங்க. மங்கலா ஒரு புள்ளி தெரியும். பேரு பீட்டா பிக்டோரிஸ், தூரம் சுமார் 63 ஒளியாண்டு.

அந்தப் புள்ளியைச் சுத்தி ஒரு பிரம்மாண்டமான தூசித் தட்டு இருக்கு. வால்நட்சத்திரங்களும் பாறைகளும் ஒண்ணோட ஒண்ணு மோதி நொறுங்கின தூசி. இந்தத் தூசி ரொம்ப காலம் தாங்காது. நட்சத்திரத்தோட ஒளியே சின்னத் துகள்களை வெளியே தள்ளிடும். அப்படியிருந்தும் தூசி இருக்குன்னா, அங்க இன்னைக்கும் மோதல் நடந்துட்டு இருக்குன்னு அர்த்தம். இந்தத் தட்டைப் பாக்காமலே போன ஒருத்தரைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

மணலி கல்லாட் வைணு பாப்பு 1927 ஆகஸ்ட் 10 அன்று சென்னையில் பிறந்தார். அப்பாவுக்கு ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை. அதனால் தொலைநோக்கி அவருக்கு வீட்டுச் சாமான் மாதிரி. 1949ல் ஹார்வர்டுக்குப் போனார். போன சில மாசத்துலயே, ஜூலையில், ஒரு புகைப்படத் தகட்டில் புது வால்நட்சத்திரம் ஒண்ணு அவர் கண்ணில் பட்டது. பாப்பு-பாக்-நியூகிர்க்னு அதுக்குப் பேர். வந்த வருஷமே இப்படி ஒரு அதிர்ஷ்டம் நம்மில் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அடுத்தது கலிஃபோர்னியா. அங்க ஓலின் வில்சனோட சேர்ந்து செஞ்ச வேலைதான் இன்னைக்கும் பாடப்புத்தகத்தில் இருக்கு. நட்சத்திர ஒளியைப் பிரிச்சா, கால்சியத்துக்குரிய கே கோடுன்னு ஒண்ணு வரும். சூரியன் மாதிரியும் அதைவிடக் குளிர்ந்தும் இருக்கிற நட்சத்திரங்களில் அந்தக் கோட்டுக்கு நடுவுல ஒரு பிரகாசமான கீற்று தெரியும். கீற்று எவ்வளவு அகலமோ, நட்சத்திரத்தோட உண்மையான பிரகாசம் அவ்வளவு அதிகம். அது தெரிஞ்சா தூரத்தைக் கணக்குப் போட்டுடலாம். 1957ல் வெளியான இதுக்கு வில்சன்-பாப்பு விளைவுன்னு பேர்.

அமெரிக்காவிலேயே இருந்திருக்கலாம். ஆனா திரும்பி வந்துட்டார். நைனிடாலில் ஒரு வானாய்வகத்தை வளர்த்தார். 1960ல் கொடைக்கானல் வானாய்வகத்துக்கு இயக்குநர். கொடைக்கானல் சூரியனைப் பாக்க அருமையான இடம், நட்சத்திரத்துக்கு அவ்வளவா சரிப்படாது. அதனால் இடம் தேடி அலைஞ்சு, வாணியம்பாடிக்குத் தெற்கே ஜவ்வாது மலையில், சந்தனக் காட்டுக்குள்ள இருந்த காவலூரைப் பிடிச்சார். இந்தத் தேர்வுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. காவலூர் பூமத்திய ரேகைக்கு 12.5 பாகை வடக்கே இருக்கு. வடக்கே வேகாவும் கிடைக்கும், தெற்கே அகத்தியரும் கிடைப்பார். ஐரோப்பாவின் பெரிய வானாய்வகங்கள் பலதுக்கும் அந்தத் தென்வானம் தொடுவானத்துக்குக் கீழே போயிடும்.

1968ல் 38 செ.மீ. தொலைநோக்கியோட ஆரம்பிச்சாங்க. அதைக் கொடைக்கானல் பட்டறையிலேயே செஞ்சாங்க. 1972ல் ஒரு மீட்டர் ஜெய்ஸ் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போனப்போ, அந்த நட்சத்திர ஒளி முன்கூட்டியே மினுக்கி மங்கினதைக் காவலூர்க்காரங்களும் பதிவு செஞ்சாங்க. காரணம், யுரேனஸைச் சுத்தி இருந்த வளையங்கள்.

பாப்புவுக்கு அதெல்லாம் போதல. 2.34 மீட்டர் தொலைநோக்கி வேணும், அதுவும் இந்தியாவிலேயே செய்யணும். கண்ணாடியைத் தேய்ச்சு மெருகேத்தினது பெங்களூரில். குதிரை லாட வடிவத் தாங்கியை உருவாக்கினது வால்சந்த்நகர் தொழிற்சாலை. மெக்கானிக்கல் நண்பர்கள் அந்தத் தாங்கியோட படத்தை ஒருமுறை தேடிப் பாருங்க, ஒரு செமஸ்டர் பாடம் அதுல இருக்கு.

1979ல் சர்வதேச வானியல் ஒன்றியத்துக்குத் தலைவரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். 1982 ஆகஸ்டில் கிரீஸ் நாட்டு பட்ராஸ் நகரில் ஒன்றியத்தோட மாநாடு. தலைவர் நாற்காலியில் இருக்க வேண்டியவர் மியூனிக் மருத்துவமனையில் இருந்தார். இதய அறுவை சிகிச்சை. மாநாடு நடந்துட்டு இருந்தப்பவே, ஆகஸ்ட் 19 அன்று இறந்துபோனார். வயசு 55. பெரிய தொலைநோக்கி அப்போ பாதி வேலையில் நின்னது.

அஞ்சு மாசம் கழிச்சு, 1983 ஜனவரியில், ஐராஸ் செயற்கைக்கோள் கிளம்பியது. கருவியைச் சரிபார்க்க வேகாவைப் பாத்தாங்க. அகச்சிவப்பில் அது கணக்குக்கு மீறி ஒளிர்ந்தது. நட்சத்திரம் அவ்வளவு வெப்பத்தை அந்த அலைநீளத்தில் தராது, சுத்தி இருக்கிற சூடேறின தூசிதான் தரணும். அந்தப் பட்டியலில் பீட்டா பிக்டோரிஸும் வந்தது. 1984ல் பிராட்ஃபோர்ட் ஸ்மித், ரிச்சர்ட் டெரைல் ரெண்டு பேரும் சிலியில் இருந்து அதைப் படம் பிடிச்சாங்க. கிரகணத்தில் நிலா சூரியனை மறைக்கிற மாதிரி, கருவிக்குள்ளேயே நட்சத்திரத்தை மறைச்சாங்க. பக்கவாட்டில் பாத்த தோசைக்கல் மாதிரி தட்டு நீண்டு தெரிஞ்சது.

1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி காவலூர் பெரிய தொலைநோக்கியைத் திறந்து வெச்சார். வானாய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் பாப்புவோட பேர் வந்தது. அடுத்த வருஷம் பீட்டா பிக்டோரிஸ் பத்தி இன்னொரு சேதி. அதோட ஒளியில் சில கோடுகள் நாளுக்கு நாள் மாறுது, காரணம் நட்சத்திரத்தை நோக்கி விழுந்து ஆவியாகிற வால்நட்சத்திரங்களா இருக்கணும்னு சொன்னாங்க. அப்படி மாறினதில் முக்கியமான ஒண்ணு, கால்சியத்தோட அதே கே கோடு.