பாசமலர் தங்கச்சி... சாவித்திரியின் நிஜக் கதை தெரியுமா?

வீட்டுல அண்ணனும் தங்கச்சியும் கொஞ்சம் பாசமா பேசினாலே, பாசமலர்கள் வந்தாச்சுன்னு கலாய்ப்போம் இல்லையா? கலாய்க்கிற நம்மில் பலபேர் அந்தப் படத்தை முழுசா பார்த்திருக்க மாட்டோம். 1961-ல் ஏ.பீம்சிங் இயக்கத்தில் வந்த 'பாசமலர்' படத்தில் அண்ணன் சிவாஜி, தங்கச்சி சாவித்திரி. படத்துல அந்தத் தங்கச்சிக்கு உயிரையே கொடுக்குற அண்ணன் இருந்தார். நிஜத்துல?

சாவித்திரி பிறந்தது 1930-களின் நடுவில், இன்றைய ஆந்திராவின் குண்டூர் பக்கம் சிர்ராவூர் கிராமத்தில். கைக்குழந்தையா இருக்கும்போதே அப்பா இறந்துட்டார். பெரியம்மா வீட்டில்தான் வளர்ந்தார். நாட்டியம், நாடகம்னு சின்ன வயசுலயே மேடை ஏறிய பொண்ணைச் சென்னைக்குக் கூட்டிட்டு வந்தவர் பெரியப்பா.

எடுத்ததும் சிவப்புக் கம்பளமெல்லாம் இல்லை. 'சம்சாரம்' தெலுங்குப் படத்துல ஹீரோயின் வாய்ப்பு வந்து, கேமரா முன்னாடி பதற்றப்பட்டதால சின்ன வேஷத்தோட நின்னுபோச்சு. ஆனா, 'தேவதாஸ்' (1953) வந்த பிறகு எல்லோரும் திரும்பிப் பார்த்தாங்க. பானுமதி விலகியதால் கிடைத்த 'மிஸ்ஸியம்மா' (1955), அவரைத் தமிழ், தெலுங்கு ரெண்டிலும் ஸ்டார் ஆக்கியது. 'மாயா பஜார்' (1957) பாருங்க. பெண் வேஷத்துல இருக்கும் கடோத்கஜனா அவர் நடக்குற நடை ஒண்ணே போதும்!

இதுக்கு நடுவுல 1952-ல் ஜெமினி கணேசனோடு திருமணம். அவர் ஏற்கெனவே திருமணமானவர் என்பதால், இந்தக் கல்யாணம் சில வருஷம் ரகசியமாவே இருந்தது. 'பாசமலர்'லயும் சாவித்திரிக்குக் கணவரா நடிச்சது ஜெமினிதான். ஆனா, படம் பார்த்தவங்க மனசுல நின்னது அண்ணனும் தங்கச்சியும்தான். அடுத்த வருஷமே 'ரக்த சம்பந்தம்'னு தெலுங்குல எடுத்தப்போ, அண்ணனா வந்தவர் என்.டி.ராமாராவ். தங்கச்சி? அதே சாவித்திரி!

'பாசமலர்'ல ஒரு விஷயத்தைக் கவனிங்க. மில் மூடி அண்ணனுக்கு வேலை போகுது. அப்போ கைகொடுக்குறது, பொம்மை செஞ்சு வித்து தங்கச்சி சேர்த்து வெச்ச பணம். அந்த முதல்லதான் அண்ணன் பெரிய முதலாளி ஆகுறார். சாவித்திரியும் நிஜத்துல கொடுத்துக்கிட்டேதான் இருந்தார். உதவின்னு வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பாதவர்னுதான் திரையுலகம் இன்னிக்கும் அவரைச் சொல்லுது.

1960-களின் கடைசியில் கேமராவுக்குப் பின்னாடியும் போனார். பெண் இயக்குநர்கள் அபூர்வமா இருந்த காலத்தில், 'சின்னாரி பாபலு', 'குழந்தை உள்ளம்' படங்களை இயக்கினார். அடுத்து, சிவாஜியோடு ஜோடியா நடிச்சு, சொந்தமா தயாரிச்சு இயக்கிய 'பிராப்தம்' (1971) பெரிய நஷ்டம். திருமண வாழ்க்கையில் விரிசல், வருமான வரிச் சிக்கல், குடிப்பழக்கம்னு ஒண்ணு மேல ஒண்ணு. சம்பாதிச்ச சொத்து கரைஞ்சு, சின்னச் சின்ன வேஷங்களுக்கும் சம்மதிக்க வேண்டிய நிலை வந்தது.

1980-ல் கோமாவுக்குப் போனவர், சுமார் 19 மாதங்கள் படுக்கையில் இருந்து, 1981 டிசம்பர் 26 அன்று சென்னையில் மறைந்தார். 50 வயசுகூட ஆகலை. 2018-ல் வந்த 'நடிகையர் திலகம்' படத்தில் அவரா நடிச்ச கீர்த்தி சுரேஷுக்குத் தேசிய விருது கிடைச்சப்போதான், நம்ம தலைமுறை அவரை கூகுள்ல தேட ஆரம்பிச்சது.

சாவித்திரி கதையைச் சொல்லி, குடிக்காதீங்க, காதலிக்கும்போது ஜாக்கிரதைன்னு அட்வைஸ் பண்றது ஈஸி. அதைவிட முக்கியமான ஒண்ணு இருக்கு. மனசு தாராளமா இருக்கட்டும், தப்பே இல்லை. ஆனா, நீங்க சம்பாதிக்குற பணத்தோட கணக்கு உங்க கையிலயும் இருக்கட்டும். அள்ளிக் கொடுக்குற ஒரு அக்காவோ தங்கச்சியோ உங்க வீட்டுல இருந்தா, உனக்குன்னு எவ்வளவு வெச்சிருக்கேன்னு இன்னிக்கே கேளுங்க. பாசமலரா இருக்க அது ஒரு நல்ல வழி!