நீதிக்குத் துணைநின்ற மசாரிக்

மெய்யியல் அறிஞரே நாடாள வேண்டும் என்பது கிரேக்கப் பேரறிஞர் பிளேட்டோவின் கனவு. அக்கனவு நனவான இடங்கள் வரலாற்றில் மிகச் சில. 1918இல் நடு ஐரோப்பாவில் தோன்றி, 1993இல் இரண்டாகப் பிரிந்த செக்கோஸ்லோவாகியா அவற்றுள் ஒன்று. அதன் முதற் குடியரசுத் தலைவர் தாமஸ் காரிக் மசாரிக், பிராகு செக் பல்கலைக்கழகத்தில் மெய்யியற் பேராசிரியராக விளங்கியவர். யூத மக்கள்பால் அவர் கொண்ட நிலைப்பாட்டை ஈண்டுக் காண்போம்.

அவர் 1850 மார்ச் 7ஆம் நாள் மொராவியாவின் ஹொடோனின் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பேரரசரின் பண்ணையில் குதிரைவண்டி ஓட்டியவர். தாய் சமையற்பணி செய்தவர். அமெரிக்க நங்கை சார்லட் காரிக்கை 1878இல் மணந்து, மனைவியின் குடும்பப் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டார். ஆடவர் எளிதிற் செய்யாத செயல் இது!

யூதர் தம் சடங்குக்குக் கிறித்தவரின் குருதியைக் கொள்வர் என்னும் பொய்யுரை அவர் வளர்ந்த சூழலில் வழங்கிற்று. சிறுவன் மசாரிக்கும் அதனை நம்பி யூதரைக் கண்டு அஞ்சினார். பின்னர், பள்ளிச் சுற்றுலாவொன்றில், தாம் ஏளனம் செய்துவந்த யூத மாணவன் மாலைவேளையில் விளையாட்டை விட்டு விலகித் தனியே நின்று இறைவனைத் தொழுததைக் கண்டு நாணினார். முதுமையில் எழுத்தாளர் கரேல் சாப்பெக்குடன் உரையாடுகையில், அவ்வெறுப்பை அறிவால் வென்றதாகவும், உணர்வில் அது முற்றும் அகன்றதெனக் கூறவியலாது எனவும் ஒப்புக்கொண்டார். தம் நெஞ்சின் குறையை ஒளியாது உரைத்த ஆட்சியாளர் அரியர் என்றே கருதுகிறோம்.

1899ஆம் ஆண்டு போல்னா என்னும் சிற்றூரின் அருகே அனெஷ்கா ஹ்ரூசோவா என்னும் பத்தொன்பது வயதுத் தையற்பெண் கொல்லப்பட்டாள். லியோபோல்டு ஹில்ஸ்னர் என்னும் ஏழை யூத இளைஞன்மீது பழி விழுந்தது. இறந்தவளின் குடும்பத்தார் சார்பில் தோன்றிய வழக்குரைஞர் கரேல் பாக்ஸா குருதிச் சடங்குக் கதையை நீதிமன்றத்திலேயே எழுப்பினார். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. வியன்னாவிலிருந்த முன்னாள் மாணவர் ஒருவர் கருத்துக் கேட்கவே, மசாரிக் வழக்கை ஆராயத் தொடங்கினார். மறுவிசாரணை வேண்டி அவர் வெளியிட்ட சிறுநூலை அரசு பறிமுதல் செய்தது. பல்கலைக்கழகத்திலோ மாணவரே அவரைப் பேசவிடாது கூச்சலிட்டனர். குரல் எடுபடாமையால் தம் விடையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினாராம் பேராசிரியர்! அவருடைய வகுப்புகள் நிறுத்திவைக்கப்பட்டன. நாட்டைவிட்டே போய்விடலாமா என அவர் எண்ணியபோது தளராது உடன்நின்றவர் சார்லட் அம்மையார். மசாரிக் காத்தது ஹில்ஸ்னரை மட்டுமன்று. மூடநம்பிக்கையிலிருந்து தம் செக் இனத்தையே காக்க முனைந்தார் என்பதை நாம் மறத்தலாகாது. எனினும் 1900இல் மறுவிசாரணையிலும் தூக்குத் தண்டனையே கிட்டியது. பேரரசர் அதனை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்.

மதத்தால் மட்டும் வேறுபட்டவரல்லர், யூதர் தனித் தேசிய இனமாகவும் இருக்கலாம் என்பது மசாரிக்கின் கொள்கை. மொழியே ஓர் இனத்தின் அளவுகோல் என அவர் கொள்ளவில்லை. அவர் தலைமையிலான குடியரசு 1921ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில், எம்மொழி பேசும் யூதரும் விரும்பின் தம்மை யூத இனத்தவர் எனப் பதியலாம் என்றது. யூத சமயத்தார் ஏறத்தாழ 3,54,000 பேர். அவருள் சுமார் 1,80,000 பேர் அவ்வாறு பதிந்தனர். ஜெர்மானியர், ஹங்கேரியர் எண்ணிக்கை இதனால் குறைந்தது அரசுக்கு உவப்பாகவே இருந்தது. அறமும் ஆட்சி நலமும் ஒருங்கே நடந்த இடம் இஃது.

சியோனிச இயக்கத்தில் அவர் போற்றியது அதன் ஒழுக்க மறுமலர்ச்சியை. 1927இல் குடியரசுத் தலைவராகவே பாலத்தீனம் சென்று யூதக் குடியேற்றங்களைக் கண்டார். இவ்விடத்து அவரோடு நாம் முற்றும் உடன்படுதல் இயலாது. 1922ஆம் ஆண்டுக் கணக்குப்படி அந்நாட்டு மக்கள் ஏறத்தாழ 7,57,000 பேருள் யூதர் 84,000 அளவினரே. பெரும்பான்மையரான அரபு மக்களின் உரிமையை விடுத்து அம்மண்ணின் எதிர்காலத்தை எண்ணுதல் முறையன்று. ஆயினும், யூதர்மீது சுமத்தப்பட்ட பொய்ப்பழியை அவர் எதிர்த்த வீரம் இதனாற் சிறிதும் குறைவதன்று.

ஹில்ஸ்னர் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்து, 1918 மார்ச்சில் பொதுமன்னிப்பால் வெளிவந்தார். குற்றமற்றவர் என்னும் தீர்ப்பால் அன்று. அவ்வாண்டு நவம்பரில் மசாரிக் குடியரசுத் தலைவரானார். அவரைப் பழித்த பாக்ஸா 1919இல் அதே குடியரசின் தலைநகராம் பிராகின் மேயரானார். மசாரிக் மறைந்த 1937 வரை அப்பதவியில் இருந்தார். ஹில்ஸ்னர் 1928இல் வியன்னாவில் வறுமையில் இறந்தார்.