யார் இந்த எஸ்.எஸ்.பிள்ளை? 13-ல் கோடு போட்ட வல்லத்துக்காரர்!

2-ன் அடுக்குகள்: 2, 4, 8, 16, 32... இதில் 32 என்று சொன்னாலே அடுக்கு 5 என்று திரும்பிப் போய்ச் சொல்லிடலாம். பத்தாம் வகுப்பில் படிச்ச ஒன்றுக்கொன்றான சார்பு இதுதான். 3-ன் அடுக்குகளும் அப்படியே.

ஆனா ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால்? 8-ல் 3 போனாலும் 5, 32-ல் 27 போனாலும் 5. எந்த ஜோடியிலிருந்து வந்த 5 என்று சொல்லவே முடியாது.

இந்தச் சிக்கலைப் பிடித்தவர் எஸ்.எஸ்.பிள்ளை. 1901-ல், குற்றாலம் பக்கத்தில் உள்ள வல்லத்தில் பிறந்தவர். ஒரு வயதில் தாயை இழந்தார். பள்ளி இறுதி ஆண்டில் தந்தையும் போய்விட்டார். சாஸ்திரியார் என்ற ஆசிரியர் கைகொடுத்ததால்தான் படிப்பு நிற்கவில்லை. நாகர்கோவில், திருவனந்தபுரம், சென்னை என்று படித்து, 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

வாரிங் கணக்குக்காகத்தான் பலரும் இவரைச் சொல்வாங்க. ஆனா இந்தக் கழித்தல் கணக்கும் லேசுப்பட்டதல்ல. பொதுக் காரணி இல்லாத எந்த இரண்டு எண்களின் அடுக்குகளை எடுத்தாலும், வித்தியாசம் ஓர் அளவைத் தாண்டிட்டா ஒரு ஜோடிக்கு மேல் கிடைக்காது என்று 1936-ல் நிரூபித்தார். 2-க்கும் 3-க்கும் அந்த எல்லை எது? 16-ல் 3 போனாலும் 13, 256-ல் 243 போனாலும் 13. அதுதான் கடைசி என்று 1945-ல் கணித்தார்.

1950 ஆகஸ்ட் 31. ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், கெய்ரோ அருகே விமானம் விழுந்தது. 55 பேர் பலி, பிள்ளையும் ஒருவர். வயது 49.

13 சரிதான் என்று ஸ்ட்ரோக்கர், டைட்மன் என்ற இரண்டு டச்சு கணித அறிஞர்கள் நிரூபித்தது 1982-ல்.